விட்டுவைத்த கல்

2022 மே 14, சனிக்கிழமை. திருநெல்வேலிக்குத் தெற்கே முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளத்தில் ஒரு கல் குவாரி. ஆழம் சுமார் 300 அடி. நள்ளிரவு நெருங்கும் நேரத்திலும் அடித்தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹிட்டாச்சிகள் கல்லை அள்ளிப் போட, லாரிகள் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. அப்போது பக்கச் சுவரிலிருந்து பாறை பெயர்ந்து விழுந்தது. ஓட்டுநர்களும் உதவியாளர்களுமாக ஆறு பேர் அடியில் சிக்கிக்கொண்டார்கள்.

இரண்டு பேரைத் தீயணைப்புத் துறையினர் உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். மூன்றாமவரை வெளியே எடுக்கப் பல மணி நேரம் ஆயிற்று; எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. மேலேயிருந்து கற்கள் உருண்டுகொண்டே இருந்ததால் அவர்களும் வேலையை நிறுத்தி நிறுத்தித்தான் செய்ய முடிந்தது. கடைசி உடல் மேலே வர ஒரு வாரம் போல ஆனது. மொத்தம் நான்கு பேர் இறந்தார்கள்.

சம்பவம் நடந்த ஊரில் இப்படிப்பட்டவற்றை 'நேரம்' என்பார்கள். காவல் நிலைய ஆவணத்தில் 'விபத்து' என்று எழுதுவார்கள். பாறை இயக்கவியல் படித்தவர் வேறு கேள்வி கேட்பார்: அந்தச் சுவரின் உயரம் எவ்வளவு, சாய்வு எவ்வளவு, நடுவில் எத்தனை படி இருந்தது? குவாரியானாலும், பூமிக்கடியில் மைல் கணக்கில் போகும் சுரங்கமானாலும், உள்ளே இறங்கும் ஆளைக் காப்பாற்றுவது முதலில் அவர் தலைக்கவசமோ மீட்புப் படையோ இல்லை. எடுக்காமல் விட்டுவைத்த கல்தான் காப்பாற்றுகிறது. எவ்வளவு விடவேண்டும், எங்கே விடவேண்டும் என்ற கணக்குதான் சுரங்கப் பாதுகாப்பு அறிவியலின் பெரும்பகுதி.

உறுதியான பாறை ஏன் விழுகிறது

தாமிரபரணிக் கரையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சார்னோகைட், நைஸ் என்று நிலவியலாளர் சொல்லும் இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே கடும் வெப்பத்தில் உருமாறியவை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களும் நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும் இந்த மாதிரிக் கடினக் கல்லில் பிறந்தவைதான். திருச்செந்தூர் மூலவர் சிலைக்குக் கல் எடுத்தது குறுக்குத்துறையில் என்று இன்றும் சொல்வார்கள்.

விரிசல் இல்லாத இந்தக் கல்லின் ஒரு துண்டை ஆய்வுக்கூட இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோ எடைக்கு மேல் தாங்கும். 90 மீட்டர் உயரச் சுவர் ஒன்று தன் எடையால் தன் காலில் ஏற்படுத்தும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகூட வராது. அதாவது கல்லுக்குத் தேவையைப்போல நாற்பது மடங்கு பலம் இருக்கிறது. கணக்குப்படி அந்தச் சுவர் விழவே கூடாது.

ஆனால் குவாரிச் சுவர் ஒரே கல் அல்ல. பல திசைகளில் ஓடும் விரிசல்கள் அதைக் கட்டி கட்டியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கட்டி எவ்வளவு பலமானது என்பது இங்கே பொருட்டே இல்லை. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவிலுள்ள பிடிமானம்தான் பொருட்டு. ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். 30 பாகை, 35 பாகை வரை மேல்கல் அசையாது. அதைத் தாண்டினால் வழுக்கும். சுவருக்குள் ஒரு விரிசல் இந்தக் கோணத்தைவிடச் செங்குத்தாகச் சாய்ந்து, குழியைப் பார்த்து வெளியே முடிந்தால், அதன் மேலிருக்கும் கல் முழுவதும் வழுக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். விரிசலின் கரடுமுரடும், இடையிடையே இன்னும் உடையாமல் ஒட்டியிருக்கும் கல் பாலங்களும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அந்தப் பிடிமானத்தை நாம் நான்கு வழியில் கெடுக்கிறோம்.

முதலாவது, பாரத்தை எடுப்பது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்தில் இருந்த பாறைக்குப் பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டால் அது குழிப் பக்கமாகத் தளர்கிறது. சுவருக்கு இணையாகத் தகடு தகடாகப் புது விரிசல் விடுகிறது.

இரண்டாவது, வெடி. ஜாக்ஹாமரால் குழி போட்டுத் தோட்டா வைத்தால் முன்னால் இருக்கும் கல் மட்டும் உடைவதில்லை. பின்னால் நிற்கப்போகும் சுவருக்குள்ளும் அதிர்வு போகிறது. மருந்து கூடினால் அந்தச் சேதமும் கூடுகிறது. இன்றைய வெடியில் தப்பிய சுவர், இருநூறாவது வெடியிலும் அதே சுவராக இருக்காது.

மூன்றாவது, காலைப் பறிப்பது. சுவரின் அடியில் கல் எளிதாகக் கிடைக்கிறது என்று ஹிட்டாச்சியால் அங்கேயே குடைந்தால், மேற்பகுதி அந்தரத்தில் துருத்தி நிற்கும். சட்டம் இதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது.

நான்காவது தண்ணீர். நான்கில் இதைத்தான் குறைவாக மதிக்கிறோம். கோடை மழையோ ஐப்பசி மழையோ பெய்து, சுவருக்குப் பின்னாலுள்ள செங்குத்து விரிசலில் நீர் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தையும் அது சுமார் 12 டன் விசையோடு குழிப் பக்கம் தள்ளும். ஆழம் 10 மீட்டரானால் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 50 டன்னைத் தொடும். விரிசலின் வாய் விரல் நுழையும் அளவே இருந்தாலும் இதே விசைதான். நீரின் தள்ளுவிசை அதன் அளவைப் பொறுத்ததில்லை, அது நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டதே, அப்படி ஒரு மழைக்குப் பிறகு எந்தக் குவாரிச் சுவரும் மழைக்கு முந்தைய சுவர் அல்ல.

ஐந்து ஏக்கர் கணக்கு

இத்தனை கெடுதலும் நடக்கும் என்று தெரிந்துதான் படி வெட்டச் சொல்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106ஆவது விதி திறந்தவெளிக் குழிகளுக்கு உரியது. கடினப் பாறையில் சுவரைப் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய இயந்திரம் வைத்து உயரமான படி வெட்டவேண்டுமானால், சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல் இருப்பது நல்ல வழக்கம். குழியின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல்லோ மரமோ இருக்கக் கூடாது.

படி இருந்தால் என்ன நடக்கும்? 90 மீட்டர் உயரத்திலிருந்து பெயரும் கல் அடியைத் தொட நான்கு விநாடிதான் ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் பாறைக்குத் தலைக்கவசமும் ஒன்றுதான், ஹிட்டாச்சியின் இரும்புக் கூண்டும் ஒன்றுதான். அதே கல் 6 மீட்டர் கீழே உள்ள படியில் விழுந்தால் வேகம் 40 கிலோமீட்டருக்குள். பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். சுவர் சரிந்தாலும் ஒரு படி அளவுக்குச் சரியும். 300 அடியும் சேர்ந்து வராது. படி ஒட்டுமொத்தச் சுவரையும் 45 பாகைக்குச் சாய்த்துவிடுவதால், விரிசல் வழியே வழுக்கி வெளியேறவும் இடம் குறைகிறது.

அப்படியானால் ஏன் வெட்டுவதில்லை? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுவோம். இது எந்தக் குறிப்பிட்ட குவாரியின் கணக்கும் அல்ல, வெறும் வடிவியல்.

ஐந்து ஏக்கர் குத்தகை, சதுரமான நிலம் என்று கொள்வோம். பக்கத்துக்கு 142 மீட்டர் வரும். எல்லையிலிருந்து நான்கு புறமும் 7.5 மீட்டர் விட வேண்டும். மிச்சம் 127 மீட்டர். அடித்தளத்தில் இயந்திரம் திரும்பவும் லாரி நிற்கவும் பக்கத்துக்கு 30 மீட்டராவது வேண்டும். 6 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம் என்று படி வெட்டிக்கொண்டே போனால், எவ்வளவு ஆழம் போகலாம்? சுமார் 48 மீட்டர், 160 அடிக்குள். அதற்குக் கீழே போக இடமில்லை. ஆக, ஐந்து ஏக்கரில் 300 அடி ஆழக் குழி ஒன்றைக் கண்டால், உள்ளே இறங்கிப் பார்க்கவே வேண்டாம். அங்கே படி இல்லை, அல்லது இருக்கவேண்டிய அளவில் இல்லை என்று மேலே நின்றே சொல்லிவிடலாம்.

கணக்கின் அடுத்த பாதி இன்னும் முக்கியம். அதே 48 மீட்டர் ஆழத்துக்குச் சுவரைச் செங்குத்தாக வெட்டினால் 7 லட்சத்து 74 ஆயிரம் கன மீட்டர் கல் கிடைக்கும். படி விட்டு வெட்டினால் 3 லட்சத்து 33 ஆயிரம்தான். பாதிக்கும் மேலான கல் சுவரோடு நின்றுவிடுகிறது. எடைக்குச் சொன்னால் ஏறத்தாழ 12 லட்சம் டன். 20 டன் ஏற்றும் லாரியில் 60,000 லோடு. படி என்பது குத்தகைக்காரர் விற்காமல் விட்டுவைத்த 60,000 லோடு கல். அவர் விடவில்லை என்றால், அந்தக் கல்லை விற்ற காசு அவருக்கும், அது விழும் ஆபத்து அடியில் இருப்பவருக்கும் போகிறது.

இந்தக் காசின் இழுப்பு சாதாரணமானதல்ல. 2010ல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றைக் காக்க அந்தத் தீர்ப்பு அவசியமானது. ஆற்று மணல் குறைந்த இடத்தை எம்-சாண்ட் பிடித்தது. எம்-சாண்டுக்குப் பாறை வேண்டும். புளியரைச் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துக்கும் கல்லும் ஜல்லியும் போகின்றன. வீடு கட்டும் யாரும் இந்தத் தேவைக்கு வெளியே இல்லை. தேவை பெருகும்போது குழி அகலமாவதில்லை, ஆழமாகிறது. அகலப்படுத்தப் புதுக் குத்தகை வேண்டும். ஆழப்படுத்த இன்னொரு ஷிப்டு போதும்.

பூமிக்கடியில் தூண்

திறந்த குழியில் படி எதுவோ, மூடிய சுரங்கத்தில் தூண் அது. நிலக்கரியை வெட்டிக்கொண்டே போகும்போது நடுநடுவே சதுரத் தூண்களாகக் கரியையே விட்டுவைப்பார்கள். மேலேயுள்ள பூமி முழுவதையும் அவை தாங்கும். நான்கில் மூன்று பங்கு கரியை எடுத்துவிட்டால், மிஞ்சிய ஒரு பங்கு முன்பு தாங்கியதைப்போல நான்கு மடங்கு தாங்க வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு எடுத்தால் ஐந்து மடங்கு. கடைசியாகச் சுரண்டும் கொஞ்சம் கரிதான் தூணின் மேல் பாரத்தை வேகமாக ஏற்றுகிறது.

இதை உலகம் படித்த விதம் கொடியது. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. ஒரு தூண் நொறுங்கினால் அதன் பாரம் பக்கத்துத் தூணுக்குப் போகும்; அதுவும் நொறுங்கும். 435 பேர் உள்ளே புதைந்தார்கள். கூரைக் கரியையும் சேர்த்து வெட்டியதால் தூண்களின் உயரம் கூடியிருந்தது. உயரம் கூடினால் பலம் குறையும். அப்போது தூணின் பலத்தை முன்கூட்டிச் சொல்ல நம்பகமான சூத்திரம் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் சாலமன், மன்றோ என்ற இரு ஆய்வாளர்கள் நிலைத்து நின்ற 98 சுரங்கப் பகுதிகளையும் இடிந்த 27 பகுதிகளையும் ஒப்பிட்டு, 1967ல் ஒரு சூத்திரம் தந்தார்கள். பாரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதாவது 1.6 மடங்கு தாங்கும்படி தூணை விடுங்கள் என்பது அதன் சாரம். உலகின் பல நாட்டுச் சுரங்கப் பொறியாளர்கள் இன்றும் இந்தச் சூத்திரத்தைப் படிக்கிறார்கள்.

தூணைப்போலவே, நீரைத் தடுக்கும் சுவரையும் விட்டுவைக்க வேண்டும். அதை விடாததன் விலையை நம் நாடும் கொடுத்திருக்கிறது. ஜார்க்கண்டின் சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று, பழைய வேலையிடங்களில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேர் இறந்தார்கள். நீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் நெருங்கக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்று இது சொல்லும். 1989ல் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்திலும் நீர் புகுந்தது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், ஆழ்துளை வழியே இரும்புக் கூண்டு இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே எடுத்தார். அது பெரிய சாதனை. ஆனால் மீட்பு சாதனையாகும் ஒவ்வொரு இடத்திலும் தடுப்பு அதற்கு முன்பே தோற்றிருக்கிறது.

தமிழ்த் தொழிலாளர் மிக ஆழமாக இறங்கிய இடம் கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அங்கே பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியஸைத் தாண்டும். தலைக்கு மேலுள்ள பூமியின் பாரம் சதுர மீட்டருக்கு 8,000 டன். அந்த ஆழத்தில் பாறை சரிவதில்லை, வெடிக்கிறது. சேர்த்து வைத்த அழுத்தத்தை ஒரே நொடியில் விடுகிறது. 'ஏர் பிளாஸ்ட்' என்று சுரங்கத்தில் பெயர் வாங்கிய இந்தப் பாறை வெடிப்பு மேலே நகரத்தின் வீடுகளையும் உலுக்கும்.

இங்கேதான் இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு ஒரு திருத்தம் வருகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் விட்டுவைத்த தூணே ஆபத்தாகலாம். சுற்றிலும் எடுத்தபின் நடுவில் நிற்கும் துண்டு எல்லா அழுத்தத்தையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு ஒருநாள் வெடிக்கும். அதனால் கோலாரில் எதை முதலில் எடுப்பது, எந்தப் பக்கமாக எடுத்துச் செல்வது என்ற வரிசையை வகுத்தார்கள். எடுத்த இடத்தில் கருங்கல்லும் பின்னாளில் கான்கிரீட்டும் கொண்டு சுவர் எழுப்பினார்கள். 1978 முதல் நுண்ணதிர்வுக் கருவிகளைப் பதித்துப் பாறையைக் கண்காணித்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988ல் பிறந்ததும் அங்கேதான். எவ்வளவு விடுவது என்ற கேள்வியோடு எங்கே, எந்த வரிசையில் விடுவது என்ற கேள்வியும் சேர்ந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பாறையில் தப்பியவர்களில் பலர் தூசியில் தப்பவில்லை. குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இந்தியாவில் முதலில் ஆய்வு நடந்த இடங்களில் கோலாரும் ஒன்று. ஜாக்ஹாமரில் தண்ணீர் விட்டுத் துளைப்பதும் கிரஷரில் தண்ணீர் தெளிப்பதும் அதற்கான எளிய தடுப்புகள். நெல்லைக் குவாரிகளுக்கும் இது பொருந்தும்.

பாறை தரும் தகவல்

படியும் தூணும் சரியாக இருந்தாலும் தினமும் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் மிகப் பழைய பரிசோதனை கடப்பாரையால் தட்டுவது. உறுதியாக ஒட்டியிருக்கும் பாறை கணீரென்று ஒலிக்கும். பின்னால் விரிசல் விட்டுத் தளர்ந்த பாறை 'தொப்' என்று அடங்கும். காருக்குறிச்சிப் பானையைத் தட்டி வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுமையான கல்லில் அதிர்வு தங்கு தடையில்லாமல் ஓடித் திரும்பும். விரிசல் அதை விழுங்கிவிடும். தட்டும்போது விரலை விரிசலின் மேல் வைத்தால், தளர்ந்த கல்லின் துடிப்பைத் தொட்டே உணரலாம். தளர்ந்தது என்று தெரிந்தால், உறுதியான தரையில் நின்று, நீளமான பாரையால் மேலிருந்து கீழாகத் தட்டி விழவைக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும், ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேட், ஃபோர்மேன் என்ற பதவிகளைச் சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். 300 அடி சுவரில் படி இல்லையென்றால் யாரும் ஏறித் தட்ட முடியாது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் மேலேயுள்ள புது விரிசல் தெரியவும் தெரியாது.

அடுத்தது அளப்பது. குழியின் விளிம்புக்குப் பின்னால் தரையில் ஒரு விரிசல் தென்பட்டால், அதன் இரு பக்கமும் ஆணி அடித்துத் தினமும் ஒரே நேரத்தில் டேப்பால் அளந்து எழுதலாம். முதல் நாள் 2 மில்லிமீட்டர் விரிகிறது, மறுநாள் 2.5, அடுத்த நாள் 3.3, நான்காம் நாள் 5. வேகம் கூடுகிறது என்பது மட்டும் இதில் இல்லை. ஒன்றை ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துப் பாருங்கள்: 0.5, 0.4, 0.3, 0.2. நேர்கோட்டில் இறங்குகிறது. ஐந்தாம் நாள் 0.1, ஆறாம் நாள் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வேகம் எல்லையற்றது, அதாவது சரிவு. ஃபுகுசோனோ என்ற ஜப்பானியர் 1985ல் சொன்ன இந்த முறைதான் இன்றைய சரிவு முன்னறிவிப்பின் அடிப்படை. நிஜப் பாறை இவ்வளவு ஒழுங்காக நடக்காது; ஆனாலும் நான்கு நாள் அளவீடு ஆட்களை வெளியேற்றப் போதும். இதற்குச் செலவு ஒரு டேப்பும் ஒரு நோட்டும்.

பெரிய சுரங்கங்கள் இதையே ரேடாரால் செய்கின்றன. எதிர்ச் சுவரை நாள் முழுக்க அலைகளால் வருடி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூடக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் செப்புச் சுரங்கம். 2013 பிப்ரவரி முதலே ஒரு சுவர் நகர்வதைக் கருவிகள் காட்டின. ஏப்ரல் 10 அன்று நகர்வின் வேகம் கூடியதும் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அன்றிரவு 14 கோடி டன்னுக்கு மேலான பாறை சரிந்தது. லாரிகளும் ஷவல்களும் புதைந்தன. ஓர் ஆளுக்குக் கீறல்கூட இல்லை.

அடைமிதிப்பான்குளத்தில் விழுந்தது அதன் பக்கத்தில் தூசு. வித்தியாசம் பாறையில் இல்லை. பாறை சொன்னதைக் கேட்க ஆள் இருந்ததில், கேட்டதும் வேலையை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் இருந்ததில்.

சட்டம் இருக்கிறது

இந்தியாவில் சுரங்கச் சட்டமே சாவிலிருந்து பிறந்தது. 1897ல் கோலார் தங்கவயலில் 52 பேர். 1899ல் பலுச்சிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். இந்த இரண்டு சம்பவங்களும் 1901 சுரங்கச் சட்டத்தை விரைவுபடுத்தின. 1902 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஆய்வு அலுவலகம்தான் இன்று தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். 1952 சட்டம் கல் குவாரியையும் சுரங்கமாகவே பார்த்தது. குழி 6 மீட்டருக்கு மேல் ஆழமானாலோ, ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்தாலோ, வெடி பயன்படுத்தினாலோ முழுச் சட்டமும் பொருந்தும் என்று அது விதித்தது. நெல்லை மாவட்டத்தில் வெடி வைக்காத குவாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆக, அடைமிதிப்பான்குளத்தில் சட்டம் போதாமல் இல்லை. விபத்துக்குப் பிறகு மாவட்டத்தின் குவாரிகளை நிறுத்திவைத்துக் குழுக்கள் ஆய்வு செய்தன. பல இடங்களில் விதிமீறல் கண்டு அபராதம் விதித்தார்கள். அந்த மீறல்கள் மே 15 அன்று காலையில் முளைத்தவை அல்ல. ஒரு குழி 300 அடி போக ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு ஆண்டும் ஆழமும் அகலமும் அளக்கக்கூடியவையாகத்தான் இருந்தன. குத்தகை கொடுப்பதும் கனிமக் கட்டணம் வசூலிப்பதும் மாநிலத் துறை. தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது மத்திய இயக்ககம். எத்தனை லோடு போயிற்று என்று எண்ணும் கண்ணும், எத்தனை படி நின்றது என்று எண்ணும் கண்ணும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும். லோடு கணக்கும் படிக் கணக்கும் ஒரே பாறையின் இரண்டு பக்கங்கள். ஒன்றில் கூடியது மற்றதில் குறைந்திருக்கும்.

அந்தத் தாளை நீங்களும் பார்க்கலாம். உங்கள் ஊர்க் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தபோது சுரங்கத் திட்டமும் சேர்ந்திருக்கும். குத்தகைப் பரப்பு, அனுமதித்த ஆழம், படியின் உயரமும் அகலமும் அதில் உண்டு. கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பரப்பிலிருந்து பக்க நீளத்தைக் கண்டுபிடியுங்கள். எல்லைக்கு விடவேண்டியதைக் கழியுங்கள். அடித்தளத்துக்கு 30 மீட்டர் கழியுங்கள். மிச்சத்தில் பாதிதான் அந்தக் குழி போகக்கூடிய ஆழம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. குழி அதைத் தாண்டியிருந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் எழுதுங்கள். சுவர் விழுவதற்கு முன்பே எழுதுங்கள்.